இசக்கி வீட்டுப்பாடம் எழுதாத காரணம்

செவ்வுப்பூர் தொடக்கப் பள்ளியில் காலை பத்தரைக்கு மணி அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் புதுமையாக யோசிக்கத் தொடங்குவார்கள். பதினொன்றேகாலுக்கு மறுபடி மணி அடிக்கும். உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் யாராவது புதுமையாக யோசித்துக்கொண்டிருந்தால் கழிவறைக்குப் போகும் வரிசை கலைந்துவிடும்.

பாடவேளைக்கு முன்பு டப்பா சார் பெஞ்சு பெஞ்சாக உருண்டு வந்து ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு பட்டையைக் கட்டுவார். டப்பா சார் என்பது அரசு தந்த இணையாசிரியப் பொறி. அரசு வைத்த பெயர் மிக நீளம். பிஸ்கட் டப்பாவுக்குச் சக்கரமும் இரண்டு கைகளும் வைத்ததுபோல இருந்ததால் பிள்ளைகள் டப்பா என்றார்கள். என்ன இருந்தாலும் வாத்தியார் என்பதால் சார் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

நெற்றிப்பட்டையில் இருந்தது கற்பனைமானி. மூளைக்குள் ஓர் எண்ணம் பழகிய பாதையில் போனால் பட்டையின் விளக்கு சாம்பல் நிறமாக இருக்கும். இதுவரை ஒன்றோடொன்று பேசியிராத இரண்டு மூலைகள் முதல்முறையாகப் பேசிக்கொண்டால் மஞ்சள். பேச்சு நீண்டால் பச்சை. அதற்கும் மேலே போனால் மணி ஒலிக்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. செவ்வுப்பூரில் அந்த மணியைக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

செவ்வாய்க் கோளில் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் போய் உண்டாக்கிய குடியிருப்பு அது. அங்கே மண்ணில் உப்பு நிறைய. அதைப் பிரித்தால்தான் குடிக்கத் தண்ணீர், தண்ணீரைப் பிரித்தால்தான் சுவாசிக்கக் காற்று. பெரியவர்கள் முறை வைத்துப் பம்பு அறைகளில் உப்போடு மல்லுக்கட்டுவார்கள். பிள்ளைகள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே கற்பனையோடு மல்லுக்கட்டுவார்கள்.

வகுப்பாசிரியை எஸ்தர் டீச்சரிடம் கருவிகளுக்குக் குறைவில்லை. ஒளித்தூரிகை ஆளுக்கொன்று இருந்தது. காற்றில் வரைந்தால் படம் காற்றிலேயே நிற்கும். யானை வரைந்தால் தும்பிக்கையை ஆட்டும். முதல் நாள் டீச்சர், "மனசுல என்ன தோணுதோ வரைங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு ஆவலோடு காத்திருந்தார்.

எல்லாரும் வரைந்தார்கள். இரண்டு முக்கோண மலைகள். நடுவே கண்ணும் மூக்கும் வைத்த பாதிச் சூரியன். மலையிலிருந்து இறங்கும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் குடிசை, அதன் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்ததுபோல நாலு பறவைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட ஆற்றையோ தென்னையையோ பறவையையோ பார்த்ததில்லை. பள்ளி வாசலுக்கு எதிரே நிஜமாகவே இரண்டு மலைகள் இருந்தன. அவை முக்கோணமாக இல்லாததால் அவற்றை யாரும் வரையவில்லை.

பட்டைகள் எல்லாம் சாம்பல்.

அந்த ஆண்டுதான் கல்வி இயக்ககத்திலிருந்து உத்தரவு வந்தது. கற்பனை மதிப்பெண் சராசரியாக முப்பத்தைந்தைத் தொடாத வகுப்பு மூடப்படும், பிள்ளைகள் வடதுருவத்து விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படுவார்கள். எந்தக் கோளுக்குப் போனாலும் தேர்ச்சி மதிப்பெண் முப்பத்தைந்துதான். செவ்வுப்பூர் மூன்றாம் வகுப்பின் சராசரி பதினொன்று.

விடுதிக்குப் போனால் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறைதான் வீடு திரும்ப முடியும். இசக்கியம்மாள் என்ற பிள்ளைக்கு எட்டு வயது. இன்னமும் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் அம்மா மாரிக்கனி மூன்றாம் பம்பு அறையில் வேலை செய்தாள். உத்தரவு வந்த அன்று மாரிக்கனி பள்ளிக்கு வந்து, விடுதியில் காது பிடித்துக்கொண்டு தூங்க வசதி உண்டா என்று டீச்சரிடம் விசாரித்தாள். டீச்சர் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. பிறந்ததே இல்லாத ஒரு விலங்கைக் கற்பனை செய்து, வீட்டில் கிடக்கும் பொருள்களால் செய்து வரச் சொன்னார். மறுநாள் வந்த விலங்குகளைப் பார்த்து வகுப்பே வாய்பிளந்தது. ராயப்பன் கொண்டுவந்த விலங்குக்கு ஆறு கால், உள்ளே பம்பு மோட்டார், வாலில் அழுத்தமானி. தேநீர் ஊற்றினால் குடித்தது. அதன் முகம் எந்தப் பக்கம் என்று டீச்சர் கேட்டபோது ராயப்பன் சுற்றிவந்து தேடினான். அவன் பட்டை சாம்பலாகவே இருந்தது. வாசலில் கை முழுக்கக் கிரீசோடு நின்றிருந்த அவன் அப்பா அந்தோணி, தனக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. டீச்சர் பாட்டாகச் சொல்லிப் பார்த்தார், நாடகம் போட்டுப் பார்த்தார். முதல் பெஞ்சுக்காரி முத்துச்செல்வி என்ன செய்கிறாள் என்று பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். முத்துச்செல்வி, டீச்சரின் முகத்தைப் பார்த்துச் செய்தாள். சராசரி பன்னிரண்டானது.

ஒரு திங்கட்கிழமை டப்பா சாரின் இடது சக்கரம் மக்கர் செய்தது. பதினொன்றேகாலுக்குப் பட்டைகளை அவிழ்க்க அவரால் வர முடியவில்லை. பட்டைகள் நெற்றியில் இருக்கும்போதே வீட்டுப்பாடம் சரிபார்க்கும் நேரம் தொடங்கிவிட்டது. ஏழாம் வாய்ப்பாடு எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர். இசக்கியின் நோட்டு வெள்ளையாக இருந்தது.

"ஏன் இசக்கி எழுதல?"

"எழுதத்தான் டீச்சர் உக்காந்தேன். எங்க வீட்டுத் தண்ணி மெசின் இருக்குல்லா, அதுக்குக் காது கேக்கும். நான் ஏழாம் வாய்ப்பாட்டச் சத்தமாச் சொன்னேனா, அது ஆறாம் வாய்ப்பாடு வரைக்கும்தான் படிச்ச மெசினு. அதுக்கு அவமானமாப் போச்சு. தண்ணி தராம மூஞ்சியத் திருப்பிக்கிட்டு."

"மெசினுக்கு மூஞ்சி ஏது?"

"அதான் டீச்சர், முந்தாநாள் வரைக்கும் கிடையாது. அவமானப்பட்ட பெறவுதான் வந்துச்சு."

டீச்சர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். அப்போதுதான் மணி ஒலித்தது. கணீரென்று, கோயில் மணிக்கும் சைக்கிள் மணிக்கும் பிறந்த பிள்ளைபோல ஒரு சத்தம்.

தனக்குத் தெரியாத எந்த மணியும் காற்றுக் கசிவே என்றுதான் டப்பா சாருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒற்றைச் சக்கரத்தில் வட்டமடித்தபடி அவர் அபாய ஒலி எழுப்பினார். குடியிருப்பு முழுக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு வரிசையாகக் காப்பறைக்குள் போனார்கள். மாரிக்கனி கையில் மாவோடு வந்தாள். அந்தோணி பாதி மழித்த தாடியோடு வந்தார். எல்லாரும் இருட்டில் மூச்சைச் சிக்கனமாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காப்பறைக்குள்ளும் மணி ஒலித்தது. நின்றது. மறுபடி ஒலித்தது. இசக்கி பக்கத்துப் பிள்ளைகளிடம், தண்ணீர் மெசினுக்கு மூஞ்சி வந்த பிறகு அது கண்ணாடி கேட்டு அடம்பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புது வரிக்கும் அவள் நெற்றி ஒலித்தது. எஸ்தர் டீச்சர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். காற்றுக் கசியும்போது முகமூடியைக் கழற்றிச் சிரிக்கும் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் பயந்துபோனார்கள்.

பின்னாளில் டீச்சர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் சிரிப்பு வந்து கதை நின்றுவிடும். மற்றவர்கள் சொல்லும்போது கதை நிற்காமல் ஓடுகிறது. அதனால் சுருங்கியும் போகிறது.

மறுநாளிலிருந்து வகுப்பின் முறை மாறியது. டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார், யாரும் எழுதி வரவில்லை, ஏன் என்று கேட்டார். சிலரிடம் தொடக்கத்தில் வயிற்றுவலியும் தலைவலியும்தான் இருந்தன. அவை சாம்பல். மெல்ல மெல்ல விளக்குகள் மஞ்சளாயின. ராயப்பன் வீட்டில் பேனா கர்ப்பமாக இருந்தது. முத்துச்செல்வி எழுதிய விடைகள் கிரகத்தின் குறைந்த ஈர்ப்பினால் தாளை விட்டு எழும்பிக் கூரையில் ஒட்டிக்கொண்டன. அவற்றை எடுக்க ஏறிய அவள் அண்ணனும் இன்னும் இறங்கவில்லை. எழுதாத காரணத்தை விரிவாக எழுதி வாருங்கள் என்று டீச்சர் சொன்னபோது பிள்ளைகள் இரண்டு பக்கம், மூன்று பக்கம் எழுதி வந்தார்கள். ஏழாம் வாய்ப்பாடும் கதைகளுக்குள் எப்படியோ நுழைந்துகொண்டது. மணிச் சத்தம் எதற்கானது என்பதை டீச்சர் டப்பா சாருக்குக் கற்றுக்கொடுத்தார். பம்பு அறையில் வேலை செய்பவர்கள் அதைக் கேட்டால், "எம்மவ இன்னிக்கும் எழுதல போல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சராசரி முப்பத்து மூன்றுக்கு வந்து நின்றது. இன்னும் இரண்டுதான். ஆண்டு இறுதியில் இயக்குநரே நேரில் வந்து அளக்கப் போவதாகத் தகவல் வந்தது.

அதற்கு முன்பாக வட்டாரக் கல்வி அலுவலர் ஞானசிகாமணி வந்தார். சுறுசுறுப்பான மனிதர். நல்லது எதையாவது பார்த்தால் அதை உடனே எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட வேண்டும் என்ற துடிப்பு அவருக்கு உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகள் சொன்ன சாக்குகளைக் கேட்டுக் கண்கலங்கினார். இந்த முறை செவ்வாய் முழுக்கப் போக வேண்டும் என்றார். போகும்போது சிறந்த சாக்குகளைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரத்தில் புத்தகம் வந்துவிட்டது. பெயர் 'சாக்குச் சோலை, மூன்றாம் வகுப்பு'. முதல் பாடம் இசக்கியுடையது. ஆனால் தண்ணி மெசின் 'இல்லத்து நீர்ப்பொறி' ஆகியிருந்தது. அது மூஞ்சியைத் திருப்பவில்லை, 'தன் முகமண்டலத்தை அப்பால் திருப்பியது'. பாடத்தின் முடிவில் கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, ஐந்து வரிகளில் விடை தருக எல்லாம் இருந்தன. அடிக்குறிப்பில், மாணவர்கள் சொந்தமாகச் சாக்குச் சொல்வதைத் தவிர்க்க வேண்டும் என்று கண்டிருந்தது.

டீச்சர் அலுவலரைத் திரையில் அழைத்தார். மனப்பாடம் செய்து சொன்னால் எண்ணம் பழைய பாதையில்தான் போகும், பட்டை எரியாது என்று பொறுமையாக விளக்கினார்.

"எரியலைன்னா, கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க டீச்சர்" என்றார் ஞானசிகாமணி.

அந்தோணி மாலை நேரத்தில் சாக்கு டியூஷன் தொடங்கினார். மாரிக்கனியும் மகளைச் சேர்த்துவிட்டாள். பிள்ளை விடுதிக்குப் போகாமல் இருக்க எதையும் செய்ய அவள் தயாராக இருந்தாள். டியூஷனில் வாரத் தேர்வு வைத்தார்கள். முதல் பாடத்தில் இசக்கி மட்டும் தோற்றாள். மெசினுக்கு மூஞ்சி வந்த கதையை அவள் தன் வாயில் வந்தபடி எழுதியிருந்தாள். 'புத்தகத்தில் இல்லை' என்று அந்தோணி சிவப்பில் அடித்திருந்தார்.

"அது நான் சொன்னதுதான மாமா" என்றாள் இசக்கி.

"நீ சொன்னா போதுமா? அச்சுல என்ன இருக்கு, அதப் பாரு."

அன்றிலிருந்து இசக்கி சாக்கு சொல்வதையே விட்டுவிட்டாள். டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உப்புக் குவியலில் சறுக்கி விளையாடினாள். சராசரி பதினான்குக்கு இறங்கியது.

இயக்குநர் வந்த அன்று காற்றுப்பூட்டு வாசலில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். பெரிய மனிதர் வந்தால் நெற்றியில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வது அந்த மக்களின் வழக்கம். செவ்வாயில் பட்டுத்துணி கிடைக்காததால் ஒரு நெற்றிப்பட்டையையே இயக்குநருக்குப் பரிவட்டமாகக் கட்டினார்கள். அவர் கற்பனையின் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். விளக்கு சாம்பலிலிருந்து அசையவில்லை. மாரிக்கனி வடை கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குப் பதற்றத்தில் உப்பு இரட்டிப்பாக விழுந்திருந்தது. மிக அருமை என்று சொல்லிவிட்டு இயக்குநர் மீதியைத் தட்டுக்கு அடியில் தள்ளினார். அதற்கும் சாம்பல்தான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அவரவருக்கு ஒதுக்கிய சாக்கை ஒப்பித்தார்கள். கை கட்டி, கண்ணை மேலே செருகி, மூச்சு விடாமல். பட்டைகள் சாம்பலாக வரிசைகட்டி நின்றன. "சத்தமா, சத்தமா" என்று ஞானசிகாமணி பின்னாலிருந்து வாயசைத்தார். டப்பா சார் சராசரியைக் கூட்டிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே மாரிக்கனி தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக இசக்கி எழுந்தாள்.

"வீட்டுப்பாடம் எழுதினியாம்மா?" என்றார் இயக்குநர், புத்தகத்தில் இருந்த முதல் கேள்வியைப் பார்த்து.

"எழுதல சார்."

"ஏன் எழுதல?"

"எங்கள் இல்லத்து நீர்ப்பொறியானது..." என்று தொடங்கிய இசக்கி நின்றாள். அடுத்த வரி வரவில்லை. முதல் பெஞ்சிலிருந்து முத்துச்செல்வி, முகமண்டலம் என்று கிசுகிசுத்தாள். இசக்கிக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் கொட்டாவி வந்தது. சொந்தச் சாக்கு நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். புத்தகமும் இல்லை, சொந்தமும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"பிடிக்கல சார். விளையாடிட்டு இருந்தேன்."

மணி ஒலித்தது. முன்பு எப்போதும் ஒலித்ததைவிடப் பலமாக, விடாமல்.

செவ்வுப்பூர்க்காரர்கள் யாரும் அசையவில்லை. அவர்களுக்கு அது பழகிய சத்தம். கற்பனைக் கல்வித் துறையின் இயக்குநர்தான் அந்த மணியை வாழ்நாளில் கேட்டதில்லை. பரிவட்டத்தோடு எழுந்து ஓடிக் காப்பறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார். டப்பா சார் போய்க் கதவைத் தட்டி, இது காற்றுக் கசிவு இல்லை, பிள்ளை பேசியதுதான் என்று புரியவைத்து அழைத்துவர நேரம் பிடித்தது.

திரும்பி வந்தவர் கருவி பழுதா என்று கேட்டார். டப்பா சார் தன் மார்புத் திரையில் கற்பனைமானியின் பதிவைக் காட்டினார். 'கேட்ட கேள்விக்கும் நடந்த உண்மைக்கும் இடையே நேர்ப்பாதை. இக்கோளின் பள்ளிகளில் இப்பாதை இதற்கு முன் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவு இல்லை.'

இயக்குநர் இரண்டு முறை வாசித்தார். அதற்குள் ராயப்பன் தானாகவே எழுந்தான்.

"எனக்கும் ஒண்ணும் தெரியாது சார். அந்த ஆறுகால் மிருகம் எங்கப்பா செஞ்சது. எனக்கு அதப் பார்த்தாலே பயம்."

மணி.

"நீங்க வருவீங்கன்னு மூணு வாரமா இதயேதான் சொல்லிட்டிருக்கோம்" என்றாள் முத்துச்செல்வி. "கேள்வி யார் யாருக்குன்னும் முன்னாலேயே தெரியும்."

மணி. ஞானசிகாமணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வகுப்பு முழுக்க மணிகள் தேர்த் திருவிழாபோல ஒலித்தன. டப்பா சார் கூட்டிக் கழித்துச் சராசரி நாற்பத்தாறு என்று அறிவித்தார். ஜன்னலுக்கு வெளியே மாரிக்கனி காதை விட்டாள்.

யாரும் விடுதிக்குப் போகவில்லை. அன்று இரவு இசக்கி வழக்கம்போலவே தூங்கினாள். இயக்குநர் பார்வையாளர் குறிப்பில், இம்முறை கோள் முழுவதும் பின்பற்றத்தக்கது என்று எழுதி, அருகில் நின்ற ஞானசிகாமணியிடம் ஆவன செய்யச் சொன்னார்.

ஞானசிகாமணி ஆவன செய்தார்.

அடுத்த ஜூனில் அதே பிள்ளைகள் நான்காம் வகுப்பில் எஸ்தர் டீச்சரிடமே உட்கார்ந்திருந்தார்கள். புதுப் புத்தகத்தின் பெயர் 'உண்மை விளம்பல்'. அட்டையில் இரண்டு முக்கோண மலைகள், நடுவே சிரிக்கும் சூரியன். முதல் பாடத்தை டப்பா சார் முதலில் சொல்ல, பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள்.

"பிடிக்கவில்லை ஐயா. விளையாடிக்கொண்டிருந்தேன்."

"இன்னொரு முறை."

"பிடிக்கவில்லை ஐயா. விளையாடிக்கொண்டிருந்தேன்."

பிறகு தனித்தனியாகக் கேட்டார். ராயப்பன் சொன்னான். முத்துச்செல்வி சொன்னாள். எட்டாம் வாய்ப்பாட்டை இரண்டு முறை எழுதி அழகாக அடிக்கோடிட்டு வந்திருந்த முத்துச்செல்வி, நோட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

இசக்கியின் முறை வந்தது. லீவு நாட்களில் அவளுக்கு எட்டாம் வாய்ப்பாட்டின் மேல் எப்படியோ ஒரு பிரியம் வந்துவிட்டது. எண்கள் எட்டு எட்டாகத் தாவுவது உப்புக் குவியலில் சறுக்குவதுபோல இருந்தது அவளுக்கு.

"வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை?" என்றார் டப்பா சார்.

"எழுதிட்டேன் சார்."

டப்பா சாரின் திரையில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. விடை தவறு, பாடநூலைப் பார்க்கவும் என்றது குரல்.

இசக்கி நோட்டைத் தூக்கிக் காட்டியபடி டீச்சரைப் பார்த்தாள். "நெசமாவே எழுதிட்டேன் டீச்சர். இப்ப நான் என்ன சொல்ல?"

எஸ்தர் டீச்சர் நோட்டைப் பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. சுவரில் தொங்கிய சராசரிப் பலகையைப் பார்த்தார். அடுத்த மாதம் மறுபடி ஆய்வு.

"புத்தகத்துல என்ன இருக்கோ அதச் சொல்லிரு தாயி" என்றார். "பரீட்சை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

இசக்கி கை கட்டி, கண்ணை மேலே செருகிக்கொண்டு சொன்னாள். டப்பா சார் சரி போட்டார்.